எமபுரியின் ஏழாவது பாவி

நரகத்தைக் கட்டும் திருப்பணி எனக்கு வாய்த்தது ராஜகோபாலன் அவர்களின் கருணையினால். சுதந்திரம் வந்ததற்கு மறுவருடக் கோடையில், பனகல் பூங்காவுக்கு மேற்கே வெறுமனே கிடந்த திடலில் ஒரு மாதப் பொருட்காட்சி நடத்துவதென்று தியாகராய நகர்ப் பெரியவர்கள் கூடித் தீர்மானித்தார்கள். ராட்டினமும் வளையம் வீசுதலும் இரண்டு தலைக் கன்றுக்குட்டியும் மட்டும் போதா, பக்தியை வளர்ப்பதாகவும் ஏதேனும் வேண்டும் என்று குழுத் தலைவரான ராஜகோபாலன் வற்புறுத்தினார். அப்படிப் பிறந்ததுதான் 'எமபுரி'. வாயிலில் எருமைத்தலைத் தோரணம். உள்ளே இருண்டு வளைந்து செல்லும் பாதை. செங்காவி கரைத்த நீரில் நரகத்து ஆறான வைதரணி. அதன் கரையில் ஏழு பாவிகளும் ஏழு தண்டனைகளும். பாவிகளைத் தேர்ந்து, ஒவ்வொருவர் காலடியிலும் ஒரு குறள் வெண்பா எழுதி வைப்பது என் பொறுப்பு.

அதே ராஜகோபாலன்தான் மயிலாப்பூரில் நான் தமிழ் கற்பிக்கும் பள்ளிக்கும் காரியதரிசி. நான்கு வருடங்களாக நான் அங்கே தற்காலிகப் பண்டிதன். நிரந்தர நியமன உத்தரவு டைப் அடிக்கப்பட்டு அவருடைய தோல் பைக்குள் உறங்கிக்கொண்டிருந்தது. கையெழுத்து ஒன்றுதான் குறை. நான் அவர் முன் நின்று அங்கவஸ்திரத்தின் முனையை விரலில் சுற்றிக்கொண்டு விஷயத்தை நினைவூட்டும்போதெல்லாம், "நாளைக்குப் பார்க்கலாம், கபாலி" என்பார். அந்த நாளைகள் சேர்ந்து ஒரு யுகமாகியிருந்தன. ஜூனில் பள்ளி திறப்பதற்குள் கையெழுத்து விழாவிட்டால் அந்த இடம் இன்னொரு தமிழ்ப் பண்டிதரான சுப்புராயனுக்குப் போகும் என்று பேச்சு. சுப்புராயனும் என்னைப் போலக் கோயிலில் பதிகம் பாடுகிறவர். தொண்டையில் சுருதியைவிடச் சளி அதிகம். இதை நான் பொறாமையால் சொல்லவில்லை என்பதைக் கபாலீசுவரர் அறிவார்.

எமபுரியை உருவாக்கியவர் மெஹபூப் அலி. கச்சேரி ரோடு மசூதிக்குப் பின்னால் குடியிருந்தார்; வடபழனி ஸ்டூடியோக்களில் மூங்கிலும் காகிதக் கூழும் கொண்டு மலையும் மாளிகையும் சமைத்தவர். அவரிடம் ஒரு விசித்திரமான பழக்கம் இருந்தது. பாவியின் பெயரையும் தண்டனையையும் சொன்னால் அவர் கை ஓடாது. அந்த மனிதன் யார், எந்தத் தெருக்காரன், குடையை எந்தக் கையில் பிடிப்பான், பெண்டாட்டியை என்ன சொல்லிக் கூப்பிடுவான் என்று குடைவார்.

"கத தெரியாம மூஞ்சி வராது சாமி," என்றார் முதல் நாளே. "கத தெரிஞ்சா மூக்கு தானா வந்து ஒக்காரும்."

நான் புராணங்களைப் புரட்டியவன்; நரகங்களின் பெயர்களை வரிசை தவறாமல் ஒப்பிப்பேன். ஆனால் அங்கே கிடக்கும் பாவி குடையை எந்தக் கையில் பிடித்தான் என்று எந்தப் புராணமும் சொல்லவில்லை. ஆகவே எனக்குத் தெரிந்த மனிதர்களின் கதைகளைச் சொல்லலானேன். பெயரை மட்டும் விழுங்கிவிட்டேன். முதல் பாவிக்கு எங்கள் தெருவில் பால் ஊற்றும் அய்யாதுரையின் கதையைக் கொடுத்தேன். மெஹபூப் அலி அந்தப் பாவியின் இடுப்பில் அடி நசுங்கிய பித்தளை ஆழாக்கு ஒன்றைத் தொங்கவிட்டார். அவன் முதுகுக்குப் பின்னால், குனிந்து பார்த்தாலன்றித் தெரியாத இடத்தில், ஒரு குழாயடியையும் செய்து வைத்தார். வறண்ட நாக்கு மார்பு வரை தொங்கியது. காலடியில் என் வெண்பா:

பாலிலே நீர்சேர்த்தான் பாதாளம் போனபின்
காலமெலாம் தாகத்தான் காண்.

நான்காம் பாவி, யார் வந்து எதைக் கேட்டாலும் நாளை என்பவன். எமதூதர்கள் தினமும் அவனிடம் வந்து, விடுதலை நாளைக்கு என்று சொல்லிவிட்டுப் போவார்கள், அதுவே தண்டனை. இந்தக் கதையைச் சொல்கையில் என் உள்ளத்தில் சிறிது இனிப்பு ஊறியதை மறைப்பானேன்? மெஹபூப் அலி அவனுக்குப் பின்னால் சுவரில் காத்திருப்பவர்களின் வரிசை ஒன்றைத் தீட்டினார். வரிசையின் ஒரு கோடியில் நிற்பவனுக்குக் கருந்தலை. மறுகோடியில் நிற்கும் அதே மனிதனுக்கு நரைத்த தாடி. பாவியின் கையில் மூடி திறவாத பேனா ஒன்று. அது காகிதக் கூழில் செய்ததன்று, மெய்யான பேனா. அதற்குள் மசியும் நிரப்பிக்கொண்டிருந்தார். திறக்கவே போகாத பேனாவுக்கு மசி எதற்கு என்று சிரித்தேன்.

"மசி இல்லாத பேனாவ தொறக்கலன்னா அதுல இன்னா பாவம் கீது?" என்றார்.

எனக்கு ஆறு பாவிகளுக்குமேல் கிடைக்கவில்லை. ஏழாவதை அவரே கொண்டுவந்தார். கூழைப் பிசைந்தபடி, என் முகத்தைப் பாராமல் கேட்டார்: "சாமி பாட்டு பாடிக்கினே, எவன் கேக்குறான், எவன் தலையாட்டுறான்னு ஒத்தக் கண்ண தொறந்து பாக்குறானே ஒரு ஆளு, அவனுக்கு உங்க புராணத்துல இன்னா தண்டன?"

எனக்கு மெய் சிலிர்த்தது. பங்குனி உற்சவத்தில் சுவாமி புறப்பாட்டுக்குப் பின்னால் நாங்கள் மாட வீதியில் பாடிப் போவதை அவர் ஆண்டுதோறும் பார்க்கிறவர். சுப்புராயனை என்ன துல்லியமாகப் பிடித்துவிட்டார்! செவிட்டு அசுரர்களின் சபையில் யுகம் யுகமாகப் பாட வேண்டும் என்று அப்போதே தண்டனை விதித்தேன். வீட்டுக்குப் போகுமுன் வெண்பாவும் கனிந்துவிட்டது:

இருகண்ணில் ஒன்றால் இறைகண்டான் மற்றை
ஒருகண்ணால் ஊர்கண்டான் ஓர்.

ஏழிலும் இதுவே சிறந்தது என்று இன்றும் சொல்வேன்.

பொருட்காட்சி தொடங்க இரண்டு நாள் இருக்கையில், வண்ணம் பூசி முடித்த பாவிகளைப் பார்க்கப் போனேன். நான்காம் பாவியின் முன் வந்ததும் என் கால் வைதரணிக்குள் வழுக்கியது. அதே அகன்ற நெற்றி. அதே இரட்டை மோவாய். 'நாளை' என்று சொல்லத் தொடங்குமுன் ஒரு பக்கமாகக் குவியும் அதே உதடு. சாக்ஷாத் ராஜகோபாலன், முள் நாற்காலியில் வீற்றிருந்தார். நான் பெயர் சொல்லவில்லையே என்று பதறினேன். மெஹபூப் அலி சாவதானமாகப் பதில் சொன்னார்: கொட்டகை போட அனுமதி கேட்டு அவரும் அந்த மனிதரிடம் பதினோரு தடவை போய் வந்திருக்கிறார், நான் கதை சொல்லத் தொடங்கியபோதே மூக்கு தானாக வந்து உட்கார்ந்துவிட்டதாம்.

நான் கெஞ்சினேன். மீசை ஒட்டச் சொன்னேன். பாதையில் நின்ற எமனின் எருமையைச் சற்று முன்னால் இழுத்து மறைக்கச் சொன்னேன். அந்த மனிதர் இதைப் பார்த்தாரானால் என் உத்தரவு கிழிந்து வைதரணியில் மிதக்கும் என்றேன். அவர் தூரிகையைக் கழுவினாரே தவிர அசைந்து கொடுக்கவில்லை.

"பயப்படாதீங்க சாமி. சினிமாவுல மொத தபா தன்னப் பாக்குறவன் இன்னா சொல்வான் தெரியுமா? 'இது நான் இல்ல'ன்னுவான். பக்கத்துல கீறவன் மட்டும் 'அட, நீயேதான்'ம்பான். எவனும் தன் மூஞ்சிய பாத்ததில்ல."

இது சினிமாக்காரர்களுக்குப் பொருந்தலாம், கற்றறிந்தவர்களுக்குப் பொருந்தாது என்றேன். அவர் என்னைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, அப்படியா என்று மட்டும் கேட்டார்.

முதல் நாள் மாலையே அவர் சொன்னது பலிக்கத் தொடங்கியது. அய்யாதுரை குடும்பத்தோடு வந்தான். நசுங்கிய ஆழாக்கைப் பார்த்தான். குனிந்து குழாயடியையும் கண்டுபிடித்தான். பிறகு தொடையில் தட்டிச் சிரித்து, இது சத்தியமாக மந்தவெளிப் பால்காரன் என்று கூட்டத்துக்கே அறிவித்தான். அவன் மனைவி வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள். மறுநாள் அந்த மந்தவெளிப் பால்காரனும் வந்து, அய்யாதுரையை அடையாளம் கண்டு மகிழ்ந்து போனான். செய்தி பரவியது. மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கியவர்கள் ராட்டினத்தை விட்டுவிட்டு நேரே நரகத்துக்கு வந்தார்கள். விளக்கை உயர்த்திப் பிடித்துக்கொண்டு மூலை முடுக்கெல்லாம் துழாவி, இந்த மூக்குப்பொடி டப்பி யாருடையது, அந்தக் கிழிந்த குடை யாருடையது என்று வழக்காடினார்கள். அண்டை வீட்டார் அத்தனை பேரும் நரகத்தில் இருந்தார்கள். தன்னைக் கண்டதாகச் சொன்னவர் ஒருவரும் இல்லை.

சுப்புராயனும் வந்தார். ஏழாவது பாவியின் முன் நின்று வயிறு குலுங்கச் சிரித்தார். தன்னைப் பார்த்தே இப்படிச் சிரிக்கிறாரே, பேதை என்று இரங்கினேன். என் மனைவி கோமளமும் அதே இடத்தில்தான் நெடுநேரம் நின்றாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்ததில் கண்ணில் நீர் வந்துவிட்டது. சுப்புராயனை அவளும் கண்டுகொண்டாளா என்று கேட்டேன்.

"ஆத்துக்கு வந்து சொல்றேன்," என்றாள். வீட்டுக்கு வந்த பிறகு கேட்டபோது, அடுப்பில் ரசம் பொங்குகிறது என்று உள்ளே போய்விட்டாள்.

நான்காம் நாள் சாயங்காலம் ராஜகோபாலன் தம் மனைவி ஜலஜாவோடு எழுந்தருளினார். தோல் பை வழக்கம்போல் கக்கத்தில். நான் ஒவ்வொரு பாவியாக விளக்கிக்கொண்டு போனேன். மூன்றாம் பாவியிடம் எனக்குத் தெரிந்ததெல்லாம் சொல்லி, தெரியாததையும் சொல்லி, காலத்தைக் கடத்தினேன். நரகத்தில் எவ்வளவு நேரந்தான் தாமதிக்க முடியும்? நான்காம் பாவி வந்தே விட்டான்.

ராஜகோபாலன் வெண்பாவைப் படித்தார். சுவரில் கருந்தலை நரைப்பதைப் பார்த்தார். முகத்தை நெருங்கிப் பார்த்தார். ஒரே முகம் இரண்டாக எதிரெதிரே நின்றது. என் விரலைச் சுற்றியிருந்த அங்கவஸ்திர முனை விரலையே அறுத்துவிடும் போலிருந்தது.

"பிரமாதம்," என்றார். "ஜலஜா, இவன் யாருன்னு தெரியறதா? உங்கண்ணா ஸ்ரீரங்கனேதான். உதட்டைப் பாரு. எதைக் கேட்டாலும் நாளைக்குதான் அவனுக்கு."

ஜலஜா அம்மாள் அந்த முகத்தைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த முகத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "எங்கண்ணாதான். சந்தேகமே இல்லை," என்றார் சிறிதும் சிரிக்காமல்.

எனக்கு உயிர் வந்தது. ஐந்தையும் ஆறையும் பறந்து கடந்தேன். ஏழாவது பாவியின் முன் ராஜகோபாலன் நின்றுவிட்டார். ஈரடியையும் இரண்டு முறை படித்தார். பாவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பாவியைப் பார்த்தார். அவர் கண்கள் கலங்கின.

"கபாலி," என்றார், "ஊர்ல இருக்கறவாளையெல்லாம் நரகத்துல நிறுத்தறது சுலபம். தன்னையே கொண்டுவந்து நிறுத்தி, தன் கையாலேயே வெண்பாவும் எழுதி வெச்சிருக்கீரே. இப்படிப்பட்ட விநயத்தை நான் பார்த்ததில்லை."

நான் வாய் திறந்தேன். சுப்புராயன் என்ற பெயர் நாக்கு நுனி வரை வந்து, அங்கேயே தங்கிவிட்டது.

"உம்ம உத்தரவுல கையெழுத்துப் போடாம இருந்தது என் தப்பு. நாளைக்குக் கார்த்தாலே ஆத்துக்கு வாரும்."

'நாளை' என்ற சொல் கேட்டதும் என் முகம் எப்படிப் போயிற்றோ, ஜலஜா அம்மாள் குறுக்கிட்டார். "பைதான் கையிலேயே இருக்கே, இப்பவே போட்டுடுங்கோளேன். இல்லேன்னா நீங்களும் எங்கண்ணா மாதிரின்னு ஊர் சொல்லும்."

மைத்துனரோடு ஒப்பிடப்படுவதைவிடக் கொடிய நரகம் ராஜகோபாலனுக்கு இல்லை. பை திறந்தது, உத்தரவு வெளியே வந்தது. பேனாவுக்குத் தடவினார், காரிலேயே விட்டுவிட்டதாக ஞாபகம் வந்தது. கார் வரை போய் வருவதற்குள் மனம் நாளைக்கு மாறிவிடுமே என்று நான் நடுங்குகையில், இருளிலிருந்து மெஹபூப் அலி வந்தார். நேரே நான்காம் பாவியிடம் போய், விரல்களுக்கிடையிலிருந்து பேனாவை உருவி, மூடியைத் திருகிக் கொடுத்தார். ராஜகோபாலன் எமனின் எருமை முதுகில் காகிதத்தை விரித்துக் கையெழுத்திட்டார். மசி தடையின்றி ஓடியது.

அவர்கள் போன பிறகு நான் விளக்கை எடுத்துக்கொண்டு ஏழாவது பாவியிடம் திரும்பினேன். வலக்கண் மூடியிருந்தது. இடக்கண் நெல்மணி அளவு திறந்திருந்தது. கன்னத்தில் என் மறு. அங்கவஸ்திரத்தின் முனை ஆள்காட்டி விரலில் மூன்று சுற்றுச் சுற்றியிருந்தது. குனிந்து பார்த்தேன், என் விரலிலும் மூன்று சுற்றுத்தான்.

ஏன் முன்பே சொல்லவில்லை என்று மெஹபூப் அலியைக் கேட்டேன். அவர் பேனாவை நான்காம் பாவியின் விரல்களில் திரும்பச் செருகிக்கொண்டிருந்தார்.

"சொல்லிருந்தா அவ்ளோ நல்ல பாட்டு எழுதியிருப்பீங்களா சாமி?"

வீட்டுக்கு வந்து உத்தரவைக் கோமளத்திடம் கொடுத்தேன். அவள் அதைச் சுவாமி படத்தடியில் வைத்துக் கும்பிட்டாள். இடக்கண் விஷயம் அவளுக்கு எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டதற்கு, "நம்ம கல்யாணத்துல நலங்குக்குப் பாடினேளே, அன்னிலேருந்து," என்றாள்.

மறுநாள் சாயரட்சைக்குச் சந்நிதியில் நின்று பாடினேன். இரண்டு கண்களையும் இறுக மூடியிருந்தேன். மறைந்து நிற்கும் கள்வன் என்று நம் பெரியோர் இறைவனைப் பாடியதன் பொருள் அன்றுதான் எனக்குத் துலங்கியது போலிருந்தது. குரல் குழைந்தது, உள்ளம் உருகியது. பத்துப் பாட்டில் ஏழு கண் திறவாமலே முடிந்தன. எட்டாவது பாட்டின் நடுவில், இத்தனை நாள் இல்லாத வழக்கமாக ஒருவன் இவ்வளவு நேரம் கண்மூடிப் பாடுவதை யாரேனும் கவனித்திருப்பார்களா என்று தோன்றியது.

இடக்கண்ணை நெல்மணி அளவு திறந்தேன். தூணருகில் நின்ற கோமளம், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, அந்தக் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.