போட்டோக்காரனின் கல்யாணக் கோட்டு

ஊரார் கல்யாணங்களையெல்லாம் படம் பிடித்த போட்டோக்காரன், தன் கல்யாணத்துக்கு ஒரு கோட்டு எடுக்க முடியாமல் திண்டாடினான் என்றால் யார் நம்புவார்கள்? அவனுடைய அக்கா நம்பினாள். கடை திறந்ததிலிருந்து கூடவே நின்று கால் கடுத்துப் போனவள் அவள்தானே. மருத்துவமனையில் நர்ஸ் வேலை பார்க்கிறவள், ஒருத்தியின் கையைக் காலைப் பிடித்து அன்றைய ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தாள்.

அந்தத் துணிக்கடையின் மேல்மாடி முழுக்க மாப்பிள்ளைகளுக்கானது. போட்டோக்காரன் ஒவ்வொரு கோட்டையும் ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தான். பிறகு டியூப்லைட்டுக்கு அடியில் பிடித்துப் பார்த்தான். பிறகு பொம்மைக்கு மாட்டிவிட்டு, போனில் ஒரு படம் எடுத்து உதட்டைப் பிதுக்கினான். கறுப்பு முகத்தைத் தின்றுவிடுமாம். வெள்ளை வயிற்றைக் காட்டிக் கொடுத்துவிடுமாம். நீலமோ மேடை விளக்கில் செத்துப் போகுமாம். விற்பனைக்காரர் முதலில் வாய் நிறையப் பேசினார், அப்புறம் தலையை மட்டும் ஆட்டினார், கடைசியில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு தடவ மாட்டித்தான் பாரேன்டா. பொம்மைக்கா கல்யாணம்?" என்றாள் அக்கா.

அவன் மாட்டவில்லை. ஒரு கையைக்கூட நுழைக்கவில்லை.

விஷயம் நிறத்தில் இல்லை. ஒவ்வொரு கல்யாணத்திலும் அவன் காத்துக் கிடப்பது ஒரே ஒரு பார்வைக்காகத்தான். அலங்காரம் முடிந்து வருகிற மணப்பெண், உடுத்தி நிற்கிற மாப்பிள்ளையை முதன்முதலில் பார்ப்பாள். அந்த நொடியில், பூசிய பூச்சையும் சுற்றி நிற்கும் கூட்டத்தையும் மறந்து அவள் முகம் தன்பாட்டுக்கு மலரும். சில கல்யாணங்களில்தான் அது வரும். பல கல்யாணங்களில் வராது. வராத இடத்தில், "கொஞ்சம் சிரிங்க" என்று சொல்லி ஒப்பேற்றிவிடுவான். ஆல்பத்தைப் புரட்டுகிற யாருக்கும் வித்தியாசம் தெரியாது. அவனுக்குத் தெரியும், அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்காது.

இப்போது அவன் முறை. அவனைக் கட்டிக்கொள்ளப் போகிறவள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். நாளெல்லாம் நோயாளிகளின் முனகலைக் கேட்டுக் கேட்டு எதையும் முகத்தில் காட்டாமல் பழகியவள். அவள் வந்து தன்னைப் பார்க்கும்போது அந்தப் பார்வை வராமல் போனால்? வேறு மாப்பிள்ளையாயிருந்தால் தெரியாமலே சந்தோஷமாக இருந்துவிடுவான். இவன் எப்படி இருப்பான்? பயம் என்றால் அப்படி ஒரு பயம். இதை அக்காவிடம் எந்த வாயால் சொல்வது? பழியைத் தூக்கி நீலத்தின் மேல் போட்டான்.

வேடிக்கை என்னவென்றால், கடைக்கு வந்த மற்ற மாப்பிள்ளைகள் விஷயத்தில் அவன் தடுமாறவே இல்லை. தொப்பையை நினைத்துக் கலங்கிய ஒருவருக்குக் கண்ணிமைக்கும் நேரத்தில் ஒன்றை உருவிக் கொடுத்தான். அவர் பொண்டாட்டியாகப் போகிறவளுக்கு அங்கிருந்தே படம் அனுப்பிவிட்டுக் குதூகலமாகக் கிளம்பினார். இன்னொருவர் குடும்பமே இவனைச் சூழ்ந்துகொண்டது. விற்பனைக்காரர் ஸ்டூலிலிருந்து எழுந்து, இங்கேயே வேலைக்குச் சேர்ந்துவிடுகிறீர்களா என்று கேட்டார். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

கடைசியாக ஒரு பஸ் டிரைவர் தனியாக வந்தார். ஆள் இவனைப் போலவே ஒல்லி. கரும்பச்சையில் ஒரு கோட்டை மடியில் வைத்துக்கொண்டு, போட்டுப் பார்க்கக் கூசி உட்கார்ந்திருந்தார். அந்த நிறத்தில் கடையில் அது ஒன்றுதான் இருந்தது. பில் போடச் சொல்லியாகிவிட்டதாம், ஆனால் மனசு அடித்துக்கொள்கிறதாம்.

"எனக்கெல்லாம் கோட்டு ஒத்து வராது சார். வேஷம் கட்டின மாதிரி இருக்கும்."

போட்டோக்காரனுக்குப் பொறுக்கவில்லை. கோட்டில் ஒரு குறையும் இல்லை, ஸ்டியரிங் பிடித்துப் பிடித்து முன்னால் வளைந்த தோளில்தான் குறை என்றான். சொல்லிப் புரியவைக்க முடியாமல், அந்தக் கோட்டை வாங்கித் தானே மாட்டிக்கொண்டான். டை கட்டினான். தோளைப் பின்னால் விட்டு, கையைத் தொங்கவிட்டு, கோணல்மாணலாக ஒரு நடையும் நிமிர்ந்து ஒரு நடையும் நடந்து காட்டினான். டிரைவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, தானும் எழுந்து பின்னாலேயே நடந்தார்.

அப்போதுதான் அவனைக் கட்டிக்கொள்ளப் போகிறவள், மருந்துக்கடை வேலை முடிந்த கையோடு படியேறி வந்தாள். தோளில் பை, கையில் குடை, நெற்றியில் வியர்வை. நடந்துகொண்டிருந்தவனைப் பார்த்து நின்றாள்.

அந்தப் பார்வை வந்தது.

அவனுடைய ஆள்காட்டி விரல் தானாக மடங்கியது. கையில் கேமரா இல்லை. இத்தனை வருஷம் பக்கவாட்டில் நின்று பார்த்தது இன்று நேராகத் தன் மேலேயே விழுந்திருக்கிறது.

உடனே கோட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். இதுதான் தனக்கு வேண்டும் என்றான். டிரைவர் திகைத்துப் போனார். கடையில் வேறு எந்தக் கோட்டைக் கேட்டாலும் அவருக்குத் தானே பொறுக்கித் தருவதாகச் சொன்னான். அவர் கல்யாணத்துக்குத் தானே வந்து படம் எடுத்துத் தருவதாகச் சொன்னான். மனுஷன் இல்லையென்று சொல்லத் தெரியாதவர் போலிருக்கிறது. "சரி சார், உங்களுக்கே நல்லா இருக்கு" என்றார். அவர் தோள் பழையபடி முன்னால் வளைந்துவிட்டது.

அக்காவுக்குப் பாவமாக இருந்தது. கல்யாணப் பெண் பக்கம் திரும்பி, "நீயே சொல்லும்மா. இந்தக் கோட்டுக்கு இவ்வளவு மல்லுக்கட்டணுமா?" என்றாள்.

அவள் விழித்தாள். அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"எந்தக் கோட்டு அண்ணி?"

அப்புறம்தான் அவன் உடம்பில் இருந்ததைக் கவனித்தாள், கவனித்துவிட்டு வெட்கப்பட்டாள். "நான் அதெல்லாம் பாக்கல. இவர் நடந்து காட்டிட்டிருந்தாரு... அதைத்தான் பாத்தேன்."

போட்டோக்காரன் கோட்டைக் கழற்றினான். டிரைவருக்கு அவனே மாட்டிவிட்டு, பொத்தானைப் போட்டு, தோளைப் பிடித்துப் பின்னால் தள்ளினான். கல்யாணத்தன்று நேரத்தோடு வந்துவிடுவதாகவும், சொன்னால் சொன்னதுதான் என்றும் சொன்னான். டிரைவர் கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"எனக்கு அளவு சரியா இருக்கிறதா ஏதாவது ஒண்ணு எடுங்க" என்றான் விற்பனைக்காரரிடம்.

அவர் நம்பாமல் அக்காவைப் பார்த்தார். அவன் மனசு மாறுவதற்குள் எடுங்கள் என்று அக்கா கையைக் காட்டினாள். கைக்கு எட்டிய ஒன்றை அவர் நீட்ட, அவன் வாங்கி மாட்டினான், கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவளைப் பார்த்து நின்றான். அந்தப் பார்வை அப்படியே இருந்தது.

கோட்டு என்ன நிறம் என்பதை வீட்டுக்குப் போய்ப் பையைப் பிரித்தபோதுதான் அவன் பார்த்தான்.