மூடியில்லாத கம்ப்யூட்டர்

லிஜோவுக்கு உறக்கம் கண்ணக் கட்டும்போதுதான் தங்கச்சி ஜெனிலா வந்து அவன உலுக்குனா.

"அண்ணே, எனக்கு பயமாருக்கு. காலைல சர்ச்சுல பூசை முடிஞ்சதும் சாமியார் நம்ம கம்ப்யூட்டர மந்திரிக்க வாறாராம்."

"நல்லதுதானட்டி?"

"தீர்த்தம் தெளிப்பாருல்லா. நம்மகிட்ட மூடுற பெட்டி, கேபினெட்டு இல்லையே."

நாகர்கோவில் கடையில பார்ட்ஸ் எல்லாம் பார்த்து எடுத்தது அவதான். அப்பா அல்போன்ஸ் குடுத்த ரூவாய்க்குள்ள ரேம் கூடுதலா போட ஆசைப்பட்டு, கேபினெட்ட வேண்டாம்னு விட்டுட்டா. மதர்போர்டு மேசையில ஒரு அட்டைமேல திறந்துதான் கெடக்கு. அப்பா கேட்டப்போ, கம்ப்யூட்டர்னா இப்படித்தான் இருக்கும்னு ஒரு பொய்யும் சொல்லியாச்சு.

"நம்ம சாமியாரு வாளியோடல்லா வருவாரு," லிஜோ சிரிச்சான். "ஒனக்க ரேமுக்கு நாளைக்கு ஞானஸ்நானம்தான்."

"சிரிக்காத. மூடி வச்சா, பொய் சொன்னது அப்பாவுக்கு தெரிஞ்சிரும்."

இருட்டுக்குள்ள கட்டில் கிறீச்சுன்னுச்சு. அல்போன்ஸ் முழிச்சுதான் கெடந்தாரு.

"ஏட்டி, புது வள்ளத்த மந்திரிச்சப்போ இஞ்சின்மேல என்னத்தப் போட்டு மூடுனேன்?"

ஜெனிலா அப்பா பக்கம் திரும்புனா. "தார்ப்பாய்."

"அத எடுத்து இதையும் மூடு. சாமியார் போன பொறவு கடைக்குப் போயி அந்தப் பெட்டிய வாங்குவோம். வள்ளத்துப் பலகையில்லாம நான் இஞ்சின மட்டும் கடல்ல எறக்குவனா?"

அவ மெல்லக் கேட்டா. "அப்போ ரேம திருப்பிக் குடுக்கணுமாப்பா?"

"அது அங்கயே கெடக்கட்டும் மக்கா. ஒறங்கு."