கஞ்சி போட்ட முகமூடி

காசநோய் வார்டின் ஆண் நர்ஸ், தலைமை டிரெசர் ஆம்ப்ரோசுக்குத் தளர்ந்து கிடக்கும் எதுவும் பிடிக்காது. காலர், கால்சட்டை மடிப்பு, ஆங்கிலம் மூன்றிலும் விறைப்பு. 1957இல் வார்டு ஊழியர்கள் முகமூடி கட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது. அதையும் சீருடையில் சேர்த்து, கெட்டியாகக் கஞ்சி போடும்படி தோபியிடம் சொல்லிவிட்டார். துணி அட்டையாகத் திரும்பி வந்தது. மேசையில் நிறுத்தினால் நின்றது. அவர் நிறுத்தியே காட்டினார்.

ஆனால் அவர் கட்டவில்லை. மேற்பார்வை பார்ப்பவரிடம் கிருமிக்கும் மரியாதை இருக்கும் என்று எண்ணினாரோ என்னவோ.

கட்டியவர்களில் ஒருத்தி ஆயா பிரிஜட். சேர்ந்து நான்கு மாதம். ஆறாம் மாதக் கடைசியில் ஆம்ப்ரோஸ் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். ஆஸ்பத்திரி குவாட்டர்சில் ஓர் அறை கிடைக்கும். போடாவிட்டால் தஞ்சோங் பகாரில் அண்ணன் வீட்டு அடுப்படித் தரைதான், அண்ணியின் பெருமூச்சு வேறு.

இரண்டே வாரத்தில் அவள் மூக்கோரம் சிவந்தது. கஞ்சி வியர்வையில் ஊறிப் பசையாகும். காய்ந்தால் உப்புத்தாளாகத் தேய்க்கும். மோவாயெல்லாம் கொப்புளம். அந்த நேரம் பார்த்து ஆம்ப்ரோஸ் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்: முகத்தில் புண் உள்ளவர் யாராயினும் தொற்றுநோயாளியாகக் கருதப்பட்டு உடனே நிறுத்தப்படுவார். ‘யாராயினும்’ என்பதன் கீழே கோடு. மற்றவர்களை நினைத்துப் போட்ட கோடு.

கட்டினால் புண் வளரும், கழற்றினால் வேலை போகும். பிரிஜட் கழிவறையில் ஒளிந்து தேநீர் குடித்தாள். ஒருநாள் வீட்டில் கஞ்சி போக அலசி, மெத்தென்று கட்டி வந்தாள். செத்த மீன் மாதிரி தொங்குகிறதென்று சொல்லிப் புதிதாக ஒன்றை நீட்டினார் ஆம்ப்ரோஸ். அவள் சுவர்ப்பக்கம் திரும்பி மாற்றிக்கொண்டாள்.

பிறகு நர்சுகளுக்கெல்லாம் தலைவியாகப் புது மேட்ரன் வந்தார். அறிவிப்பைப் படித்து மெச்சி, அடியில் தானும் கையெழுத்திட்டார். கையோடு, டிரெசருக்கு மட்டும் நுரையீரல் இல்லையா என்றும் கேட்டுவிட்டார்.

மறுநாளே அவரும் முகமூடி கட்டினார். பத்தே நாள். ஆம்ப்ரோசின் தேநீர் ஆறியபடியே திரும்பியது. சிராங்கூன் ரோடு பஸ்ஸிலும் முகமூடியோடு ஏறினார். என்ன கடமையுணர்ச்சி என்றார்கள் பார்த்தவர்கள். துணிக்கு மேலாக இரு விரலால் சொறிந்ததைப் பிரிஜட் மட்டும் பார்த்தாள்.

விரிப்பு எடுக்கத் துணியறைக்குள் போனபோது அவர் அங்கே இருந்தார், மோவாயில் ஈரத்துண்டோடு. மோவாய் வெந்த தக்காளி.

“கதவைச் சாத்தும்மா.”

சாத்தினாள். யோசித்தாள். பிறகு தன் முகமூடியையும் அவிழ்த்தாள். அவர் துண்டை இறக்கினார்.

“எத்தனை நாளா?”

“ஒரு மாசமா, சார். கஞ்சிதான். அலசிக் கட்டினப்போ கொஞ்சம் அடங்குச்சு. நீங்கதான் செத்த மீன்னு சொல்லிட்டீங்க.”

தோபியிடம் கஞ்சி வேண்டாமென்று இன்றே சொல்லிவிடுவதாக அவர் முனகினார். அறிவிப்பையும் கிழித்துவிடலாமே என்றாள் இவள்.

“மேட்ரன் கையெழுத்து இருக்கே. ஏன்னு கேட்பாங்க லா. ஆற எத்தனை நாளாகும்?”

“மூணு வாரமாவது ஆகும், சார். என்னை நிரந்தரமாக்கற பாரம் உங்க மேசையிலதான் இருக்கு.”

“தெரியும். இன்னிக்கே போட்டுடறேன்.”

வெளியே மேட்ரனின் காலடி கேட்டது. இருவரும் அவசரமாக நாடாவை முடிந்தார்கள். கெட்டியான பழைய கஞ்சி. அப்படிப்பட்ட முகமூடி இன்னும் ஒரு பெட்டி மிச்சமிருந்தது.