நோயாளி இல்லாத கிளினிக்

என் புருஷனிடம் வேலை விஷயம் எதையும் சொல்லக்கூடாது என்பது கல்யாணமான பதினேழு வருஷத்தில் நான் நன்றாகக் கற்றுக்கொண்ட பாடம். சொன்னால் உதவி செய்ய வந்துவிடுவார். அது தெரிந்தும் சொல்லித் தொலைத்தேன். என் வாய் என்றைக்கு என் பேச்சைக் கேட்டிருக்கிறது?

என் பெயர் சாராள். கும்மிடிப்பூண்டி சிப்காட் போகிற ரோட்டில் டாக்டர் அருணாவின் கிளினிக்கில் பன்னிரண்டு வருஷமாக நர்ஸ். நான்கு பெஞ்சு, இரண்டு கட்டில், ஒரு டாக்டர், ஒரு நான். நைட் ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களுக்காகக் காலை ஆறரைக்கே கதவைத் திறந்துவிடுவோம். போன மாதம் திருவள்ளூரிலிருந்து இன்ஸ்பெக்டர் துளசிராமன் என்பவர் கிளினிக்கைச் சோதிக்க வந்தார். குத்திய ஊசிகளை வெள்ளை டப்பாவில் போடாமல் சிவப்பு வாளியில் போட்டிருந்தோம். தீயணைக்கிற சிலிண்டருக்குத் தேதி முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. முப்பது நாள் அவகாசம் கொடுத்தார். அடுத்த தடவையும் தப்பு இருந்தால் லைசென்ஸ் புதுப்பிக்க மாட்டார்கள், கிளினிக்கை மூட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டுப் போனார். டாக்டரம்மாவுக்கு என்ன, சென்னையில் பத்து ஆஸ்பத்திரி கூப்பிடும். நாற்பத்தொரு வயதில் என்னை எவன் கூப்பிடுவான்? அந்த முப்பது நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதைப் பார்த்து என்னவென்று கேட்டு, நான் சொன்னதும் என் புருஷன் ஆசீர்வாதம் களத்தில் குதித்தார். அவர் ஒரு கம்பி கம்பெனியில் கிரேன் ஆபரேட்டர். அந்தக் கம்பெனிக்கு வருஷத்துக்கு நாலு ஆடிட், அதாவது பாதுகாப்புச் சோதனை, வரும். ஆடிட் என்றால் எங்கள் பக்கம் கிறிஸ்மஸ் மாதிரி. பெயிண்ட் அடிப்பார்கள், துடைப்பார்கள், புதுச் சட்டை கொடுப்பார்கள். ஆடிட்டில் பாஸ் ஆவது எப்படி என்று இங்கே பால் போடுகிறவருக்குக்கூடத் தெரியும். எல்லாப் பொருளிலும் அதன் பெயரை எழுதி ஒட்டு. தரையில் மஞ்சள் கோடு போடு. விரலில் கட்டுப் போட்டவனும் நொண்டி நடக்கிறவனும் ஆடிட்டர் கண்ணில் படக்கூடாது, பின்கேட் வழியாக டீக்கடைக்கு அனுப்பு. கேட்ட கேள்விக்குப் பதில் தெரியவில்லையா, இன்சார்ஜைக் கைகாட்டு.

"நீ ரிஜிஸ்டர மட்டும் எயுது சாரா. மீதிய நாங்க பாத்துக்கினு போறோம்" என்று ஞாயிற்றுக்கிழமை சாவியை வாங்கிக்கொண்டு போனார். கூட அவருடைய செட்டு ஆட்கள் ஐந்து பேர். நானும் மூன்று மணி நேரம் நிம்மதியாக வீட்டில் உட்கார்ந்து ஃப்ரிட்ஜ் டெம்பரேச்சர் கணக்கை எழுதி முடித்தேன். பைத்தியக்காரி.

திங்கட்கிழமை காலை கதவைத் திறந்தபோது எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தரை முழுக்க மஞ்சள் கோடு. பெஞ்சைச் சுற்றி ஒரு கட்டம், எடை பார்க்கிற மெஷினைச் சுற்றி ஒரு கட்டம், துடைப்பத்துக்குத் தனியாக ஒரு கட்டம். மேசையில் 'மேசை' என்று ஒட்டியிருந்தது. ஃபேனில் 'ஃபேன்'. டாக்டரம்மாவின் நாற்காலி முதுகில் 'டாக்டர்'. சுவரில் பெரிய போர்டு: 'விபத்தில்லா நாட்கள் 4380'. பன்னிரண்டு வருஷத்தை முந்நூற்று அறுபத்தைந்தால் பெருக்கியிருக்கிறார்கள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், ஊசிக்கு வெள்ளை டப்பா, ரத்தப் பஞ்சுக்கு மஞ்சள் வாளி, எல்லாம் அது அது இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. சிலிண்டரும் புதுசு. பெயிண்ட் கரைக்கிற தின்னர் ஊற்றித் துடைத்த துடைப்பில் ஸ்டீல் தட்டில் என் முகம் தெரிந்தது.

துளசிராமன் சரியாக ஒன்பதரைக்கு வந்தார். ஒல்லியான மனிதர், சிரிக்காத முகம். இரண்டடி வைத்ததும் அவர் செருப்பு தரையில் ஒட்டியது. பெயிண்ட் காயவில்லை. பிய்த்துக்கொண்டு மூன்றாவது அடி வைத்தார். மஞ்சள் அடித்தடம் ஒன்று அவருக்குப் பின்னால் விழுந்தது. அவர் பெஞ்சில் இருந்தவர்களைப் பார்த்தார். காலையிலிருந்து உள் அறையில் மருந்துத் தேதிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்த நானும் அப்போதுதான் பார்த்தேன்.

அங்கே இருந்தது என் நோயாளிகள் இல்லை. தினமும் அந்த நேரத்துக்குக் காய்ச்சல், இருமல், சர்க்கரை, விரல் நசுங்கியது என்று முப்பது பேராவது இருப்பார்கள். இன்றைக்கு இஸ்திரி போட்ட சட்டையும் சேஃப்டி ஷூவுமாக ஆறு திடகாத்திரமான ஆண்கள் முழங்காலில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் என் புருஷன்.

முதல் ஆளிடம் உடம்புக்கு என்ன என்று துளசிராமன் கேட்டார். ஒரு குறையும் இல்லை என்றார் அவர். இரண்டாவது ஆளும் அதையே சொன்னார். மூன்றாவது ஆள் லோகு. இதுவரைக்கும் தனக்கு நோய் என்று ஒன்று வந்ததே இல்லை என்று எழுந்து நின்று சொன்னார்.

"அப்போ எதுக்கு வந்தீங்க?"

லோகு யோசித்தார். பாடத்தில் இல்லாத கேள்வி. ஆறு பேரும் ஒரே நேரத்தில் கையை நீட்டி என்னைக் காட்டினார்கள். இன்சார்ஜ் மேடத்தைக் கேளுங்கள் என்றார் லோகு.

ஆடிட் பாடத்தின் பின்கேட் வரி நினைவுக்கு வர, பின்கதவைத் திறந்தேன். டீக்கடைக்கு முன்னால் என் நோயாளிகள் அத்தனை பேரும் கையில் டோக்கனோடு நின்றிருந்தார்கள். ஒருவர் இருமிக்கொண்டே பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "ஆடிட்டர் போய்ட்டாரா?" என்று ரகசியமாகக் கேட்டார். நோயாளியை ஒளித்து வைத்து ஆஸ்பத்திரி நடத்தப் பார்த்த ஊர் உலகத்திலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும். டாக்டரம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர் பக்கம் திரும்பி நின்றார். தோள் குலுங்கியது. எனக்கும் வந்த சிரிப்பில் வயிறு வலித்தது. துளசிராமனின் உதடுகூட ஒரு பக்கம் இழுத்தது என்று நினைக்கிறேன், சத்தியமாகச் சொல்ல முடியாது.

ஆனால் அவர் வேலையை விடவில்லை. வாளிகள், சிலிண்டர், ஃப்ரிட்ஜ், மருந்துத் தேதி எல்லாவற்றையும் பார்த்து டிக் போட்டுக்கொண்டே போனார். கடைசி வரிக்கு வந்துவிட்டார். பிபி மெஷினைத் திருப்பிப் பார்த்தார்.

"ஸ்டிக்கர் எங்கம்மா?"

அளவு சரியாக இருக்கிறது என்று பத்து நாளுக்கு முன்பு சென்னையிலிருந்து ஆள் வந்து சோதித்து ஒட்டிவிட்டுப் போன ஸ்டிக்கர் அது. சான்றிதழ் தபாலில் வரும் என்றிருந்தார், வரவில்லை. இரண்டு மெஷினிலும் ஸ்டிக்கர் இல்லை. தின்னர் துடைத்துக்கொண்டு போய்விட்டது. அந்த ஆளுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. நான் திரும்பி என் புருஷனைப் பார்த்த பார்வையில் அவர் ஷூ லேசைக் கட்டக் குனிந்துகொண்டார்.

சரி, யாராவது ஆரோக்கியமான ஆளை உட்கார வைத்து அளந்து காட்டுங்கள் என்றார் துளசிராமன். தன் கையை நீட்ட மாட்டாராம். அவரே மாத்திரை சாப்பிடுகிறவர், அவர் பிபியை வைத்து எதையும் நம்ப முடியாதாம். டாக்டரம்மாவுக்கும் எனக்கும் அப்போதிருந்த படபடப்பில் எங்களையும் வேண்டாம் என்றுவிட்டார். ஆரோக்கியத்துக்குத்தான் இங்கே பஞ்சமில்லையே என்று ஆறு பேரைப் பார்த்து, நடுவில் இருந்த பெரிய உருவத்தைக் கூப்பிட்டார். ஆசீர்வாதம் தயங்கியது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. லோகு பின்னாலிருந்து தள்ளிவிட்டார்.

நான்தான் பட்டையைக் கட்டினேன். இருநூற்று எட்டு, நூற்றுப் பதினெட்டு. மறுபடி பார்த்தேன். அதேதான். இரண்டாவது மெஷினில் இருநூற்றுப் பத்து.

துளசிராமன் பேனாவை மூடினார். இந்த அளவில் ஒரு ஆள் இப்படிக் கல்லு மாதிரி உட்கார்ந்திருக்க முடியாது, இரண்டு மெஷினும் ஒரே கடைச் சரக்கு, ஒரே பொய்யைச் சொல்கிறது என்றார். ஒரு கிளினிக்கில் பிபி தப்பாகக் காட்டினால் மற்றதெல்லாம் சரியாக இருந்து என்ன பிரயோஜனம், தேறவில்லை என்றுதான் நான் எழுத வேண்டும் என்றார். நியாயமான பேச்சுதான். பன்னிரண்டு வருஷம் அந்த ஒரு வரியில் முடியப்போகிறது.

ஆசீர்வாதம் தரையைப் பார்த்தபடி, ஆமாம், மெஷின் கோளாறாகத்தான் இருக்கும் என்றார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் நான் இதுவரை பார்க்காத ஒரு பயம் இருந்தது. துளசிராமன் பேனாவை மறுபடி திறந்தார்.

"எயுதாதீங்க சார்" என்றார் என் புருஷன். "மெஷினு கரீட்டாத்தான் சொல்து. நான்தான் பொய் சொல்லிக்கினு கீறேன்."

கழுத்தில் தொங்கிய கம்பெனி ஐடி கார்டை உறையிலிருந்து உருவினார். அதற்குப் பின்னால் நாலாக மடித்த ஒரு சீட்டு. வேப்பம்பட்டு மருந்துக் கடை ஒன்றின் பில். அதன் முதுகில் பேனாவால் 206/118 என்று எழுதி, முந்தின வார ஞாயிற்றுக்கிழமைத் தேதி போட்டிருந்தது.

விஷயம் முழுசாக வெளியே வந்தது. ஆறு மாதமாகத் தலை சுற்றல். கம்பெனிக்குத் தெரிந்தால் கிரேனிலிருந்து இறக்கி சரக்கு யார்டைக் கூட்டப் போட்டுவிடுவார்கள். கம்பெனியின் வருஷாந்தர மெடிக்கல் சோதனைக்கு முதல் நாள் ஜெரால்ட் என்கிற கூட்டாளியின் பிபி மாத்திரையைக் கேட்டு வாங்கி விழுங்கிப் பாஸ் ஆகியிருக்கிறார். எனக்குத் தெரியக்கூடாது என்று ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கை பிரின்சியைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லி, இரண்டு ரயில் மாறி வேப்பம்பட்டு போய்ப் பிபி பார்த்திருக்கிறார். நர்ஸைக் கட்டிக்கொண்டவர் பிபி பார்க்க இரண்டு ரயில் ஏறியிருக்கிறார். வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். என் வீட்டுக் கதை அதற்கும் மேலே போய்விட்டது. ஊரில் இருக்கிற எல்லார் கையிலும் பட்டை கட்டினேன். தினமும் என் பக்கத்தில் படுக்கிற கையில் ஒரு நாளும் கட்டிப் பார்க்கவில்லை. எனக்கு அவர் மேல் வந்த கோபத்தைவிட என் மேல் வந்த கோபம்தான் அதிகம்.

துளசிராமன் சீட்டையும் மெஷினையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கடைசி வரியில் டிக் போட்டார். கீழே கையெழுத்துப் போட்டு, சான்றிதழ் வந்ததும் நகல் அனுப்பச் சொன்னார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, கோடுகளைத் தாண்டித் தாண்டி வாசலுக்குப் போனார். லோகுவும் மற்றவர்களும் கை தட்டினார்கள். பின்கதவு வழியாக என் நோயாளிகள் முப்பது பேரும் ஒரே நெரிசலாக உள்ளே வந்தார்கள். யாரோ எனக்கு ஒரு பஜ்ஜி கொடுத்தார்கள். நான் அதைத் தின்றேன், அழுதேன், சிரித்தேன், எது முதலில் என்று நினைவில்லை.

டாக்டரம்மா ஆசீர்வாதத்தைக் கட்டிலில் படுக்க வைத்து ஈசிஜி எடுத்து, மாத்திரை கொடுத்தார். இனிமேல் உயரத்தில் ஏறக்கூடாது, கம்பெனிக்கு நானே கடிதம் தருகிறேன் என்றார். டாக்டரம்மா நகர்ந்ததும் அவர் என் கையைப் பிடித்தார்.

"கிரேன வுட்டு எறக்கிடுவாங்கோ சாரா."

"எறக்கட்டும்" என்றேன். கோபம் வந்தால் எனக்கு வாங்க போங்க எல்லாம் வராது. "தலை சுத்தி அம்மாம் ஒயரத்துலேர்ந்து வியிந்திருந்தீன்னா, நான் இன்னாய்யா பண்ணியிருப்பேன்?"

அவர் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டே, தினமும் பிபி பார்க்க வேண்டுமாமே, அதை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாமா என்று மெதுவாகக் கேட்டார்.

"ஊட்ல நான் உன் பொண்டாட்டி. என்கிட்ட பொய் சொல்லுவ" என்றேன். "இங்க வா. டோக்கன் வாங்கிக்கினு வரிசைல ஒக்காரு."

சரி என்று தலையை ஆட்டினார்.