தூங்குமூஞ்சி அண்ணனின் கடைசி ஆட்டம்

கால்பந்து கிளப் பேருந்தின் ஓட்டுநரை எல்லோரும் தூங்குமூஞ்சி அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். பாவம், அவரைப் போல விழிப்பான ஓட்டுநரைத் தேடினாலும் கிடைக்காது. வாழ்க்கையில் ஒரே ஒரு நாள் வேலை நேரத்தில் தூங்கினார், பெயர் ஆயுளுக்கும் ஒட்டிக்கொண்டது.

இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் கிளப் லீக் பட்டம் வென்ற நாள் அது. அவர் வேலைக்குச் சேர்ந்த புதிது. காய்ச்சலுக்கு மாத்திரை போட்டுக்கொண்டு பேருந்தின் கடைசி இருக்கையில் படுத்தவர், அடித்துப் போட்டதுபோல் தூங்கிவிட்டார். ஆட்டக்காரர்கள் கோப்பையோடு வந்துதான் எழுப்பினார்கள். அன்றைக்கு யாரோ விளையாட்டாகச் சொன்னது நாளடைவில் சட்டமாகிவிட்டது: பட்டத்துக்கான ஆட்டம் என்றால் அண்ணன் பேருந்தில் தூங்க வேண்டும்.

அதற்குப் பிறகு கோப்பை இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எத்தனையோ முறை கடைசி ஆட்டத்தில் கோட்டை விட்டார்கள். பழி மட்டும் அண்ணன் தலையில். "நீங்க சரியாத் தூங்கலண்ணே!" அதுவும் உண்மைதான். உள்ளே பட்டம் இழுபறியில் இருக்கும்போது எந்த மனுஷனுக்குத் தூக்கம் வரும்? கண்ணை மூடிக்கொண்டு, காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பார். கிளப் என்றால் உயிரையே விடுவார். கிளப் பட்டம் வெல்வதை மட்டும் ஒரு தடவைகூடக் கண்ணால் பார்த்ததில்லை.

இந்த மாதத்தோடு அவருக்கு ஓய்வு. இன்றைய ஆட்டத்தில் ஜெயித்தால் பட்டம். சமன் ஆனாலும் போச்சு.

"இன்னிக்காவது ஒரு ஓரமா நின்னு பாத்துக்கறேனேப்பா" என்று காலையில் கேப்டனிடம் கெஞ்சினார்.

கேப்டன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டான். "உங்க கால்ல வேணாலும் விழறேண்ணே. இன்னிக்கு மட்டும் தூங்கிடுங்க." அதோடு விட்டானா? அண்ணனின் மனைவியையே வரவழைத்துப் பேருந்தில் காவல் வைத்துவிட்டான்.

அந்த அம்மா ஓட்டுநர் இருக்கையில் ஜம்மென்று உட்கார்ந்து, சத்தத்தை அணைத்துவிட்டு, செல்போனில் ஆட்டம் பார்த்தாள். அண்ணன் கடைசி இருக்கையில். வெயிலில் நின்ற பேருந்துக்குள் ஈரக் காலுறை நாற்றமும் வலித்தைல வாசனையும் மூக்கைத் துளைத்தன.

"என்ன ஆச்சு?"

"தூங்கறவருக்கு எதுக்கு அதெல்லாம்?"

மைதானத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் ஆரவாரம் எழுந்து அடங்கியது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. ஆளுக்கொரு கோல். இன்னும் பத்து நிமிடம்தான்.

அவளுக்கே பொறுக்கவில்லை. "என்னங்க, எழுந்து போய்ப் பாருங்க. நீங்க கண்ணை மூடி இத்தனை வருஷமா என்னத்தக் கிழிச்சாங்க? நான் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்."

அண்ணன் எழுந்தே விட்டார். ஒரு கால் பேருந்தின் கடைசிப் படியில். எதிரே மைதானத்தின் கதவு திறந்துதான் இருந்தது. பத்து எட்டு வைத்தால் பார்த்துவிடலாம். மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ஆனால் காலையில் கும்பிட்டு நின்ற அந்த முகம் கண் முன்னால் வந்தது. திரும்பி வந்து படுத்துவிட்டார்.

"வேணாம்மா. நான் போய், அவனுங்க தோத்துட்டா? அந்தப் பையன் மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

அவள் செல்போனை அணைத்துவிட்டுப் பின்னால் வந்து, அவர் தலைமாட்டில் உட்கார்ந்தாள். "அப்போ எனக்கும் வேணாம்" என்றாள். அவளுடைய கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

சுவருக்கு அந்தப் பக்கம் மறுபடி ஆரவாரம். அது யாருக்கு என்று இருவருக்கும் தெரியாது. நேரம் நகரவே மாட்டேன் என்றது.

திடீரென்று பேருந்து குலுங்கியது. படியில் தடதடவென்று ஓடிவரும் சத்தம். யாரோ அவர் தோளைத் தொட்டார்கள்.

"எழுந்திருங்கண்ணே."

கேப்டன்தான். முகமெல்லாம் புழுதியும் கண்ணீரும். கோப்பையைத் தூக்கி அண்ணன் மடியில் வைத்தான். அவனுக்குப் பின்னால் மொத்த அணியும் முண்டியடித்தது.

"பாத்தீங்களா, நீங்க ஒழுங்காத் தூங்கினதும் ஜெயிச்சிட்டோம்! ரிட்டயர் ஆனா என்ன, அடுத்த வருஷமும் வந்து தூங்கிடணும், சொல்லிட்டேன்."

அண்ணன் கோப்பையைத் திருப்பி அவன் கையிலேயே கொடுத்தார்.

"போங்கடா! அடுத்த வருஷம் நான் டிக்கெட் வாங்கி முதல் வரிசையில உக்காரப் போறேன். தோத்தா தோத்துட்டுப் போங்க. நீங்க ஆடறத நான் பாக்கணும்."