வச்சிரநாட்டில் ஒரு பைபாஸ்

உலகத்தில் எந்தப் பேரரசும் வாளால் எழுந்ததில்லை. ஒரு மனிதனின் மனத்தில் வரைபடமாகத்தான் முதலில் எழுந்தது. சிவபிரசாத் இப்படித்தான் சொல்லி வந்தார். அவருடைய பேரரசான வச்சிரநாடு எழுந்தது ஒரு ஜவுளிக்கடைக் காலண்டரின் பின்பக்கத்தில். பழமை தெரிய வேண்டும் என்று தாளை டீ டிகாஷனில் நனைத்து, ஓரங்களை ஊதுபத்தியால் பொசுக்கியிருந்தார். மேற்கு மூலையில் நெருப்பு சொன்ன பேச்சைக் கேட்காமல் உள்ளே வந்து ஒரு மலைத்தொடரையே தின்றுவிட்டது. அந்த ஓட்டைக்கு ‘அக்கினி வளைகுடா’ என்று பெயர் வைத்தார்.

2009 ஆவணியில் ஒரு ஞாயிறு, வரைபடத்தைச் சுருட்டி பிவிசி குழாய்க்குள் வைத்துக்கொண்டு சிதம்பரத்தில் பஸ் ஏறினார். பக்கத்து சீட்டுக்காரர் குழாயை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மோட்டார் வேலையும் பாப்பீங்களா?" என்றார். பேரரசர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கடலூரில் இலக்கிய வட்டம் கூடுகிறது. வட்டம் ஒப்புக்கொண்டால் அதன் செயலாளர் லூர்துசாமி வச்சிரநாட்டு நாவலைத் தன் அச்சகத்தில் போட்டுத் தருவார். சிவபிரசாத்துக்கு வேறு வழியில்லை. எட்டு வருஷமாக ஆபீசில் தன்னை நாவலாசிரியர் என்று சொல்லிக்கொண்டு வருகிறார். "பொஸ்தகம் வந்துடுச்சா சார்?" என்று பக்கத்து மேஜை மாலதி டிபன் டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் கேட்கிறாள். இப்போது சிரித்துக்கொண்டே கேட்கிறாள்.

வட்டம் கூடிய பள்ளிக்கூட வகுப்பறையின் கரும்பலகையில் வரைபடம் தொங்கியது. "குறை இருந்தா தாராளமா சொல்லுங்க. ஆக்கபூர்வமா இருக்கட்டும்" என்று கைகட்டி நின்றார். வட்டத்தில் எல்லோரும் திங்கள்தோறும் கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுத்துப் பழகியவர்கள். தாளில் ஒரு நாட்டைப் பார்த்ததும் அவர்களுக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

வருஷா வருஷம் வெள்ளம் பார்க்கும் குமராட்சியிலிருந்து வந்த அய்யனார் முதலில் எழுந்தார். "ஆத்துக்குக் கரையே காணோமே. தண்ணி வந்தா ஊரு என்னாவறது?"

"அண்ணே, அது கற்பனை ஊரு."

"கற்பனைன்னா தண்ணி வராதா?"

சிவபிரசாத் பென்சிலால் கரை போட்டார். தலைவர் ஹேமசபேசன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, தலைநகருக்கு ஒற்றைக் கோபுரம், நாலு கோபுரம் பார்த்து வளர்ந்த சிதம்பரத்துக்காரர் எவருக்கும் அடுக்காது என்றார். கோபுரம் நாலாயிற்று. சுனாமி பார்த்த தேவனாம்பட்டினத்து ஆசிரியர் ஒருவர், கடல் பொங்கி நகரத்தை விழுங்குவதாகக் குறித்திருந்த இடத்தை எடுத்தே ஆகவேண்டும் என்றார். அதை மட்டும் யாரும் கிண்டல் செய்யவில்லை. கடல் பின்வாங்கியது.

லூர்துசாமிக்குச் சொந்த ஊர் கடலூர்த் துறைமுகம் இருக்கும் முதுநகர். வச்சிரநாட்டுத் துறைமுகத்தின் மேல் விரலை வைத்தார். "இங்கேந்து தலைநகருக்கு ஏன்யா இப்பிடி சுத்திக்கிட்டுப் போறானுவ? நேரா ஒரு பைபாஸ் போடு."

"நடுவுல இருள்வேந்தன் கோட்டை இருக்குங்க."

"எடுத்துடு."

"அப்ப வில்லன் எங்க இருப்பான்?"

"வாடகைக்கு இருக்கட்டும்" என்றார் ஹேமசபேசன். வகுப்பறை சிரித்தது. சிவபிரசாத்தும் சிரித்தார், அச்சகம் லூர்துசாமியுடையது. டிகாஷனில் ஊறிய தாள் ரப்பருக்குத் தாங்காமல் பொத்துக்கொண்டது. ஆறு வருஷம் பார்த்துப் பார்த்துக் கட்டிய கோட்டை இருந்த இடத்தில் கரும்பலகை தெரிந்தது; அதன் மேலேயே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார்.

லூர்துசாமி தள்ளி நின்று பார்த்தார். இப்போதுதான் நாடு நாடாக இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். "போட்டுடலாம்யா. நட்டநடுப் பக்கத்துல மடிச்சு வெச்சா கும்முனு இருக்கும்."

கைதட்டினார்கள். மாலதியின் டிபன் டப்பா மூடிக்கொள்ளும் சத்தம் சிவபிரசாத்துக்குத் தெளிவாகக் கேட்டது.

அச்சகத்தில் டைப் அடிக்கும் புஷ்பவள்ளி கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து வந்தாள். "சார், கதைய குடுத்தீங்கன்னா நாளைக்கே அடிக்க ஆரம்பிச்சுடுவேன். கையோட கொண்டாந்திருக்கீங்களா?"

எல்லோரும் அவரையே பார்த்தார்கள். சிவபிரசாத் ஜோல்னாப் பைக்குள் கைவிட்டுக் கொஞ்ச நேரம் துழாவினார். பிறகு ஒரு தாளை எடுத்து அவளிடம் நீட்டினார்.

நாவலில் அதுவரை எழுதப்பட்டிருந்தது சமர்ப்பணம் மட்டும்தான். அதையும் அவர் தனக்கே சமர்ப்பித்திருந்தார்.