கை திறக்கும் சட்டை

"முதுகுப் பக்கம் நேரா ஒரு வெட்டு வெட்டிட்டா ரெண்டு நிமிஷத்துல மாட்டிடலாம்மா. எல்லா வீட்டுலயும் அப்படித்தான் பண்றோம். முன்னாடி பார்த்தா தெரியவே தெரியாது" என்றார் சவ வண்டியோடு வந்திருந்தவர். கத்தரிக்கோல் அவர் கையில் தயாராக இருந்தது.

"அதை உள்ள வைங்க" என்றாள் அம்மா. "அவரே தைச்சுக்கிட்ட சட்டை. வெட்ட விடமாட்டேன்."

அப்பா தூக்கத்திலேயே போயிருந்தார். அம்மா எழுப்பப் போனபோதே கைகள் விறைக்க ஆரம்பித்திருந்தன. இப்போது மதியம், மடக்கவும் முடியாது, நீட்டவும் முடியாது. வந்தவர் சொன்னதில் தப்பொன்றும் இல்லை, பாவம். ஆனால் டெய்லர் வீட்டில் வந்து சட்டையை வெட்டலாமா என்று கேட்டால் யார்தான் சம்மதிப்பார்கள்?

மூத்த மகள், பெரியவள், அம்மாவிடமிருந்து வெள்ளைச் சட்டையை வாங்கிக்கொண்டு முன்னறைக்குப் போய் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். பிளேடை எடுத்து மணிக்கட்டிலிருந்து அக்குள் வரைக்கும், அங்கிருந்து இடுப்பு வரைக்கும் தையலைப் பிரித்தாள். இரண்டு பக்கமும் பிரித்துவிட்டால் சட்டையை அவருக்கு அடியில் விரித்து, கைகளை அசைக்காமலே மேலே மூடிவிடலாம். மூடுவதற்கு பிரஸ் பட்டன். அப்பா கண்டுபிடித்த வேலைதான் இது.

யாருக்காகக் கண்டுபிடித்தார் என்பதில்தான் அவளுக்கு முப்பது வருஷக் கோபம்.

அவளுடைய தம்பி, சின்னவன், ஏழு வயதில் நோயில் படுத்தான். இங்கே முடியாது என்று டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். அப்பாவும் அம்மாவும் கடல் தாண்டி ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பெரியவளை அத்தை வீட்டில் விட்டுவிட்டு நாலு மாதம் அங்கேயே கிடந்தார்கள். பிள்ளையின் இரண்டு கையிலும் ட்ரிப் ஏறிக்கொண்டிருந்ததால் சட்டை போட வழியில்லை. ஊருக்கெல்லாம் சட்டை தைத்துப் போட்டவரின் மகன் கடைசிவரை வெறும் போர்வையோடு கிடந்து போய்ச் சேர்ந்தான்.

அடுத்த வருஷம் அப்பா அதே ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போனார், பெட்டி நிறையக் கை திறக்கும் சட்டைகளோடு. ட்ரிப் குழாயைக் கழற்றாமலே பிள்ளைகளுக்குப் போட்டுவிடலாம். அதிலிருந்து வருஷா வருஷம் ஒரு மாதம், வார்டின் மூலையில் உட்கார்ந்து பிள்ளைகளுக்கு அளவு பார்த்துத் திருத்தி, கூலி வாங்காமல் கொடுத்துவிட்டு வருவார். பெரியவளுக்குக் குழந்தை பிறந்தபோதும் அங்கேதான் இருந்தார்.

இந்த வருஷம் அவர் அங்கே இருக்கப்போகிற அதே மாதத்தில் அவளுக்கு ஆபரேஷன் தேதி குறித்திருந்தார்கள். பித்தப்பைக் கல்தான், பெரிய விஷயமில்லை. ஆனாலும் மனது கேட்குமா?

"உங்களுக்கு அங்க கிடக்கறதுங்கதான் பிள்ளைங்க. நான் யாரோதானே? போங்க. ஆனா திரும்பி வந்து என் மூஞ்சியில முழிக்காதீங்க" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு வந்தாள். அப்பா நூலை ஊசியில் கோத்துக்கொண்டே இருந்தார். அது நடந்து ஐந்து நாள். அவர் அழைத்தபோதெல்லாம் அவள் போனை எடுக்கவில்லை. நாளை மறுநாள் விமானம் ஏறுகிறவரோடு என்ன பேச்சு என்று வீம்பு.

இப்போது போய்விட்டார். அந்தக் கோபத்தை என்ன செய்வது என்று தெரியாமல் வரிசையாகப் பட்டன் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

பின்னால் வந்து நின்ற அத்தை, "ஏன்டி, இது எப்படி மூடும்?" என்றாள்.

பெரியவள் பார்த்தாள். இடது கை முழுக்க இரண்டு விளிம்பிலும் குமிழ் உள்ள பாதியையே தைத்து வைத்திருந்தாள். குழி உள்ள பாதிகள் எல்லாம் டப்பாவில் பத்திரமாக இருந்தன.

அம்மா எட்டிப் பார்த்தாள். "அட லூசு! டெய்லர் பொண்ணுன்னு வெளிய சொல்லிடாதே. உங்கப்பா பார்த்தா நங்குன்னு ஒரு குட்டு வெச்சிருப்பார்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். பெரியவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வாசலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு மூன்று பேரும் சிரித்தார்கள். முதலில் அழ ஆரம்பித்தது அத்தைதான்.

பெரியவள் ஒரு விளிம்பில் இருந்த பட்டன்களைப் பிரித்துச் சரியாகத் தைத்து முடிக்கிற நேரத்தில், மெஷின் மேல் கிடந்த அப்பாவின் போன் அடித்தது.

"டெய்லர் அப்பா?" ஒரு பெண் குரல். அந்த ஆஸ்பத்திரி சிஸ்டர். அப்பாவிடம் பேசிப் பேசியே அரைகுறைத் தமிழ் கற்றுக்கொண்டவள் என்று அம்மா சொல்லியிருந்தாள்.

"நான் அவர் பொண்ணு."

"ஓ! ஆபரேஷன் மகள்! உடம்பு எப்படி? அப்பா முந்தாநாள் பேசினார். இந்த வருஷம் வரல, டிக்கெட் கேன்சல். 'என் மகள் சொல்றது சரி, நான்தான் தப்பு' சொன்னார். சட்டை பார்சல்ல வரும், சொன்னார். அதான் கேக்கறேன், எப்போ பார்சல்?"

பெரியவள் குனிந்து பார்த்தாள். மெஷினுக்குக் கீழே ஓர் அட்டைப்பெட்டி கயிறு கட்டி இருந்தது. உட்கார்ந்ததிலிருந்து அதன் மேல்தான் கால் வைத்திருந்தாள்.

"அப்பா இன்னிக்குக் காலையில இறந்துட்டார், சிஸ்டர்."

அந்தப் பக்கத்தில் ஒரு குழந்தை எதற்கோ அழுதுகொண்டிருந்தது. பிறகு, "பார்சல் அவசரம் இல்ல, அம்மா. அப்புறம் அனுப்பு" என்றாள் சிஸ்டர்.

"பார்சல் அனுப்பப் போறதில்ல. ஆபரேஷன் முடிஞ்சு நானே கொண்டு வர்றேன். அளவு பார்த்துத் திருத்தவும் செய்றேன். என்ன, அவர் அளவுக்கு எனக்கு வராது. பட்டன்கூட மாத்தி வெச்சிடுவேன்."

"வா" என்றாள் சிஸ்டர். "பிள்ளைங்க திட்டாது."

பெரியவள் சட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"அப்பா டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிட்டாராம்மா."

"தெரியும்" என்றாள் அம்மா. "அதைச் சொல்லத்தான் உனக்கு நாலு தடவை போன் பண்ணினார். ஆபரேஷனுக்குத் தேவைப்படும்னு ஒரு நைட்டிக்குத் துணிகூட எடுத்து வெச்சார். நீ எடுக்கல. நான் சொல்றேன்னேன். வேணாம், நானே சொல்லிக்கிறேன்னுட்டார்."

அம்மா அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. குற்றமாகச் சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது பெரியவளுக்கு.

வண்டிக்காரரும் அம்மாவும் அப்பாவைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தார்கள். அவள் சட்டையை அடியில் விரித்தாள். சட்டைக் கைகளை மேலே மூடினாள். அப்பாவின் கைகள் இருந்த இடத்திலேயே இருந்தன.

"பக்கத்துல எல்லாம் பட்டன் போட வேணாம்மா, யாரு பார்க்கப் போறாங்க? நேரமாகுது" என்றார் வண்டிக்காரர்.

அவள் கேட்கவில்லை. மணிக்கட்டிலிருந்து ஆரம்பித்தாள். ஒவ்வொரு பட்டனுக்கும் அடியில் தன் விரலைக் கொடுத்து, அது அவர் தோலில் அழுந்திவிடாமல் அழுத்திப் பூட்டிக்கொண்டே போனாள்.